'பெயரறியாக் கைவினை' என்னும் பொய்

உத்வேகம் என்ற சொல் ஒரு காலத்தில் கவிஞர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. இன்று அது விளம்பரம் வரைவோர், சவர்க்காரப் பெட்டிக்கு உறை வரைவோர், உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதிக்குச் சுவர்ச் சித்திரம் தீட்டுவோர் ஆகிய எல்லாருடைய அன்றாடத் தொழிற்சொல்லாகிவிட்டது. அதில் தவறில்லை. சவர்க்காரப் பெட்டியும் மக்கள் நாளும் பார்க்கும் பொருள்தான். அது அழகாக இருப்பதை நாம் வெறுக்கவில்லை. ஆனால் அந்த உத்வேகம் யாருடைய கையிலிருந்து எடுக்கப்பட்டது, எடுத்தவர் திருப்பிக் கொடுத்தது என்ன என்று கேட்டால் மட்டும் சபையில் மௌனம் நிலவுகிறது. அந்த மௌனத்தைப் பற்றியே எழுதுகிறோம்.

கொழும்பிலே ஒரு வடிவமைப்பு நிலையம் இருக்கிறது. வாரந்தோறும் வெள்ளிக்கிழமை அந்நிலையத்தார் தாம் கண்டெடுத்த பத்துப் பொருள்களைத் தெரிந்து, 'இவ்வாரம் எம்மைத் தூண்டியவை' என்று மகுடமிட்டு, வாடிக்கையாளருக்கும் அன்பர்களுக்கும் அனுப்பிவருகின்றனர். நிலையத்தின் பெயரை நாம் சொல்லப்போவதில்லை. குற்றம் ஒரு நிலையத்தினுடையதாக மட்டும் இருந்தால் ஒரு கடிதத்தோடு முடித்திருப்போம், கட்டுரை எழுதியிருக்கமாட்டோம். அங்கே பணியாற்றும் இளைஞர் ஒருவர் எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்றவர். பழைய பாடசாலையின் மேலுள்ள பாசத்தால் அந்தத் தொகுப்பை எமக்கும் தவறாது அனுப்பிவைக்கிறார்.

ஒரு வருடத்துக்கு மேலாக அந்தப் பத்தையும் அச்செடுத்து வகுப்பறைச் சுவரிலே தொங்கவிட்டவர்கள் நாமே. பெருமையோடுதான் தொங்கவிட்டோம். சம்மாந்துறைக்கும் காரைதீவுக்கும் நடுவே, வயலும் நீரும் சூழ்ந்த மாவடிப்பள்ளிப் பிள்ளைகள் சுவிற்சர்லாந்தின் சுவரொட்டியையும் யப்பானியத் தேயிலைப் பொதியையும் வேறெங்கே காணப்போகிறார்கள்? 1950களில் போலந்து நாட்டு ஓவியர்கள் அரசுத் திரைப்பட நிறுவனங்களுக்காக வரைந்த விளம்பரங்கள் வந்த வாரம் எமக்கு நன்றாக நினைவிருக்கிறது. நடிகையின் முகம் இல்லாமலும் சினிமாவுக்கு விளம்பரம் வரையலாம் என்பதை எம் மாணவர் அன்றுதான் அறிந்தனர். ஒவ்வொரு படத்தின் கீழும் ஓவியர் பெயர், வருடம், நகரம் எல்லாம் ஒழுங்காகக் குறிக்கப்பட்டிருந்தன. ஹென்றிக் தோமஷெவ்ஸ்கி என்ற பெயரை உச்சரிக்க வகுப்பே ஒரு பாடவேளை முழுவதும் பழகியது. நல்லதைப் பார்த்தவுடன் அதைப் பிறருக்குக் காட்டவேண்டுமென்ற ஆசை மனித குலத்தின் நற்குணங்களில் ஒன்று. ஆசிரியத் தொழிலே அந்த ஆசையின் மேல்தான் நிற்கிறது. ஆகவே பகிர்தலைப் பழிக்க நாம் வரவில்லை என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை வந்த தொகுப்பில் ஏழாவது இடத்திலே ஒரு பாய் இருந்தது. பன் பாய். செம்மையும் ஊதாவும் பச்சையும் கலந்த சாய்சதுரக் கோலம். வெண்சுவரின் முன்னே தொங்கவிட்டு, பக்கவொளியில், மிக நேர்த்தியாகப் படம் பிடித்திருந்தார்கள். கீழே எழுதியிருந்தது இவ்வளவே: 'கிழக்குக் கரையின் கோலம். பெயரறியாக் கைவினை.' அதற்கும் கீழே சிறிய எழுத்தில், படம் பிடித்தவர் பெயர். காட்சியை ஒழுங்குசெய்தவர் பெயர். பாயை விற்ற கொழும்புக் கடையின் பெயர். தாளின் அடியிலே, 'எல்லா உரிமைகளும் எமக்கே' என்ற வாசகம்.

வகுப்பிலே ஒரு மாணவி எழுந்து நின்றாள். "சேர், இது எங்கட உம்மம்மா இழைக்கிற மாதிரிப் பாய்தானே?"

அந்தப் பாய் அவளுடைய உம்மம்மாவின் கைப்பட்டதுதானா என்று எம்மால் உறுதி கூற இயலாது. ஆனால் அந்தக் கோலம் இப்பகுதிப் பெண்களின் கோலம் என்பதை அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அறிவார்கள். அவர்கள் அந்தப் பாயின் மேல் பிறந்து, படுத்து, ஓதி வளர்ந்தவர்கள். அன்று மாலையே நாம் அந்த மூதாட்டியைக் காணப்போனோம். படத்தை வாங்கி, தூரப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தார். முதலில் அவர் சொன்னது கலையைப் பற்றியுமல்ல, அநீதியைப் பற்றியுமல்ல. பாயின் ஓரம் இன்னும் மடித்து முடிக்கப்படவில்லையென்றும், முடிக்காத பாயைப் படம் பிடித்திருக்கிறார்களென்றும் சொன்னார். பிறகு, என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கேட்டார். விசாரித்து வைத்திருந்ததால் சொன்னோம். அவர் தமக்குக் கிடைக்கும் தொகையைச் சொன்னார். அது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாய் இழைத்தல் என்பது என்னவென்று அறியாத நகரத்து வாசகருக்கு ஒரு வார்த்தை. நீர்நிலையின் ஓரத்திலே இடுப்பளவு சேற்றில் இறங்கிப் பன் வெட்டவேண்டும். வெயிலில் உலர்த்தவேண்டும். கோலத்துக்கு வேண்டியதைப் பிரித்தெடுத்து, சாயநீரில் அவித்து, மீண்டும் உலர்த்தவேண்டும். பிறகு தரையில் குந்தியிருந்து, நாட்கணக்கில், விரலால் ஒன்றையொன்று மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு போகவேண்டும். கோலம் எந்தத் தாளிலும் இல்லை. இரண்டு விட்டு ஒன்று, ஒன்று விட்டு மூன்று என்னும் கணக்கு முழுவதும் இழைப்பவளின் தலைக்குள்ளேயே ஓடுகிறது. எமது பாடசாலைக் கணித ஆசிரியரும் நாமும் ஒரு மாலைப்பொழுது முழுவதும் அந்தக் கோலத்தைக் கட்டத் தாளிலே பெயர்க்க முயன்றோம். பன்னிரண்டாவது வரியில் கணக்குத் தவறிவிட்டது. உம்மம்மா எட்டிப் பார்த்து, எந்த வரியில் தவறினோம் என்று விரலை வைத்துக் காட்டினார். அவர் பாடசாலைக்குப் போனவரல்லர்.

இந்த மனுஷியின் அறிவைத்தான் அந்த நிலையத்தார் 'பெயரறியா' என்ற ஒரே அடைமொழியால் துடைத்தெறிந்தார்கள். பெயரறியா என்பதன் பொருள் என்ன? பெயர் இல்லை என்பதா? பெயர் மறைந்துபோயிற்று என்பதா? ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கற்சிற்பத்தைப் பற்றி அப்படிச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். சென்ற மாதம் இழைத்து, பஸ்ஸிலே ஏற்றி அனுப்பிய பாய்க்கு அப்படிச் சொல்ல ஒரு காரணமே உண்டு: கேட்கவில்லை. கேட்க வேண்டியதில்லை என்று எண்ணினார்கள். கடைக்காரரிடம் கேட்டார்கள், புகைப்படக்காரரிடம் கேட்டார்கள். கடைசிக் கண்ணியில் இருந்தவளிடம் மட்டும் கேட்கவில்லை. போலந்து ஓவியரின் பெயரில் எழுத்துப் பிழை நேராமல் சரிபார்த்த அதே கைதான் இதையும் எழுதியது. ஆகவே இது சோம்பலன்று. யார் கலைஞர், யார் கூலி என்பதைப் பற்றி மனதுக்குள் முன்பே தீர்த்து வைத்திருக்கும் ஒரு தீர்ப்பு.

இந்தத் தீர்ப்பு கொழும்பில் எழுதப்பட்டதன்று. அதற்கு வயது நூற்றைம்பதுக்கு மேல்.

1866ஆம் ஆண்டிலே, லண்டனில் இந்திய அலுவலகத்தின் நூதனசாலைக்குப் பொறுப்பாயிருந்த போர்ப்ஸ் வொட்சன் என்பவர் ஒரு விசித்திரமான நூலை வெளியிட்டார். இந்தியத் துணிவகைகளிலிருந்து 700 மாதிரிகளை வெட்டியெடுத்து, 18 தொகுதிகளாக ஒட்டி, இருபது பிரதிகள் செய்தார். அவற்றில் 13 பிரதிகள் பிரித்தானியாவின் தொழில் நகரங்களுக்குப் போயின. 7 இந்தியாவுக்கு வந்தன. உழைப்பாளி உடுத்தும் லுங்கியிலிருந்து மெல்லிய மஸ்லின் வரை அதிலே இருந்தன. நீளம், அகலம், நிறை, வாங்கிய இடம், கொடுத்த விலை ஆகிய எல்லாம் குறிக்கப்பட்டிருந்தன. நோக்கத்தையும் அவர் ஒளிக்கவில்லை. இந்திய மக்கள் எதை விரும்பி உடுக்கிறார்கள் என்பதைப் பிரித்தானிய ஆலை முதலாளிகள் இருந்த இடத்திலிருந்தே கண்டு, அதை இயந்திரத்தில் நெய்து, திரும்ப இந்தியாவிலேயே விற்கவேண்டும் என்பதே நோக்கம். எழுநூறு துண்டுகளையும் நெய்த கைகளின் பெயர் மட்டும் அதில் இல்லை. 'எம்மைத் தூண்டியவை' என்னும் தொகுப்புகளுக்கு அதுவே முப்பாட்டன். அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, 1856இல், ஓவன் ஜோன்ஸ் என்பவர் உலகத்து அலங்காரக் கோலங்களையெல்லாம் திரட்டி ஒரு பெருநூல் செய்திருந்தார். பசிபிக் தீவு மக்களின் கோலங்களை அவர் உண்மையாகவே வியந்தார். வியந்துகொண்டே அந்த அத்தியாயத்துக்குக் 'காட்டுமிராண்டிகளின் அலங்காரம்' என்ற கருத்துப்படத் தலைப்பிட்டார்! வியப்பும் இழிவும் ஒரே பேனாவிலிருந்து வருவது புதிதல்ல.

மாங்காயின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. எம்முடைய ஊரே மாவடியின் பெயரைத் தாங்கி நிற்பது. கல்முனைத் துணிக்கடைகளில் இன்று வளைந்த நுனியுள்ள அந்தக் கோலத்தைக் காட்டி 'பெயிஸ்லி டிசைன்' என்கிறார்கள் இளம் விற்பனையாளர்கள். நம்முடைய தாய்மார் அதை மாங்காய் என்றார்கள். பாரசீகத்தில் அதற்கு வேறு பெயர். அங்கிருந்து வந்து காஷ்மீரத்துச் சால்வைகளிலே அது செழித்தது. காஷ்மீரத்தில் கோலம் வரைபவருக்கு நக்காஷ் என்று பெயர். அவர் வரைந்ததை இன்னொருவர் நிறம் நிறமாகக் கூறக்கூற, வேறொருவர் குறியெழுத்தில் எழுதிக்கொள்ள, அந்தக் குறிப்பைக் கொண்டு நெசவாளர் நெய்தனர். இன்று வடிவமைப்பு நிலையங்கள் செய்யும் வேலைப் பிரிவினை முழுவதும் அங்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்கொத்லாந்திலுள்ள பெயிஸ்லி நகரம் அந்தச் சால்வையைப் போலி செய்யத் தொடங்கியது. கோலத்துக்குத் தன் பெயரையும் சூட்டிவிட்டது. பாரிசில் அந்தோனி பெருஸ் என்பவர் சால்வைக் கோலங்கள் வரைவதற்கென்றே ஒரு பெரிய கூடம் நடத்தினார். அங்கே வரைந்த கோலங்கள் ஸ்கொத்லாந்துக்கும் பிற நாடுகளுக்கும் விற்கப்பட்டன. வேடிக்கை அதோடு நிற்கவில்லை. பிரெஞ்சு வணிகரின் முகவர்கள் பாரிசிலே வரைந்த மாங்காயைக் காஷ்மீரத்துக்கே கொண்டுபோய், 'இப்படி நெய்யுங்கள்' என்று காஷ்மீரத்து நெசவாளருக்குக் கற்பித்தனர்! பெருஸின் பெயர் நூல்களில் இருக்கிறது. அவருடைய கூடத்துக்கு மாங்காயைக் கொடுத்த நக்காஷ்களில் யார் பெயர் நமக்குத் தெரியும்?

அந்த நெசவாளர் எப்படி வாழ்ந்தனர் என்பது வேறு தாளில் எழுதப்பட்டிருக்கிறது. சால்வையின் மேல் அரசு விதித்த வரியும் அதை வசூலித்தோரின் கொடுமையும் தாளாமல், 1865ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் சிறிநகரிலே சால்வை நெசவாளர் திரண்டு ஊர்வலம் போனார்கள். படை அவர்கள்மேல் பாய்ந்தது. 28 பேர் மாண்டனர் என்கின்றன வரலாற்றுக் குறிப்புகள். வொட்சனின் அழகிய தொகுதிகள் வந்தது அதற்கு அடுத்த வருடம். பெயிஸ்லி நெசவாளர் மட்டும் சுகமாக இருந்தார்கள் என்று எவரும் எண்ணவேண்டாம். 1841 முதல் 1843 வரை அந்த நகரம் வேலையின்றிப் பட்டினி கிடந்தது. இங்கு நாம் ஸ்கொத்லாந்து நெசவாளனோடு வழக்காடவில்லை. அவனும் உம்மம்மாவின் பக்கத்திலே குந்தியிருக்க வேண்டியவன்தான். மாங்காயால் லாபமடைந்தவர்கள் இருவருக்கும் மேலே, வேறிடத்தில் இருந்தார்கள்.

'கலை என்றாலே கொடுக்கல் வாங்கல்தானே. யார்தான் யாரிடமிருந்து எடுக்கவில்லை?' என்று கேட்பார்கள். ஆம், எடுக்கட்டும். பாரசீகத்தார் வரைந்ததைக் காஷ்மீரத்தார் எடுத்தார்கள்; காஞ்சிபுரத்தார் தம் சேலைக் கரையில் நெய்தார்கள். அப்படி எடுக்காவிட்டால் கலை இல்லை. ஆனால் 'எடுக்கலாம்' என்பதிலிருந்து 'மறைக்கலாம்' என்பது எந்தத் தருக்கத்தால் பெறப்படுகிறது? இன்னும் சிலர், முற்போக்காளர் என்று தம்மைச் சொல்லிக்கொள்வோரும், எம்மிடமே திருப்பிக் கேட்டார்கள்: 'தனியுடைமையை எதிர்க்கும் நீங்கள் பாயின் கோலத்துக்குத் தனியுடைமை கோருவது முரணல்லவா?' கெட்டிக்காரத்தனமான கேள்வி. எம் விடை இது: அந்தக் கோலம் எந்த ஒரு வீட்டுக்கும் சொந்தமில்லை, ஊருக்குப் பொது. பொதுவில் கிடந்ததை எடுத்து, தாளின் அடியில் 'எல்லா உரிமைகளும் எமக்கே' என்று வேலி போட்டவர் யார்? ஊர்ப் பொதுவயலில் முட்கம்பி அடித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வியை, வயலில் நாற்று நடும் பெண்ணிடம் கேட்பது என்ன நியாயம்?

உம்மம்மாவின் விடை இதைவிடச் சுருக்கமானது. உங்கள் பெயரைப் போடும்படி எழுதலாமா என்று கேட்டோம். "என்ட பேர் எதுக்கு மகன்? ஊர்ப் பேரைப் போடச் சொல்லுங்க. காசையும் கூட்டித் தரச் சொல்லுங்க" என்றார். எம்முடைய பட்டப் படிப்பில் இத்தனை தெளிவாக அழகியலையும் பொருளியலையும் இணைத்துச் சொன்ன விரிவுரை ஒன்றையேனும் நாம் கேட்டதில்லை.

அவர் கேட்டது சலுகையுமன்று, சட்டம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் 24ஆம் பிரிவு நாட்டார் கலை வெளிப்பாடுகளைப் பற்றியது. கைவினைப் பொருள்களும் சுதேச நெசவுகளும் அந்தச் சொல்லினுள் அடங்கும் என்று அச்சட்டமே வரையறுக்கிறது. அவற்றை அச்சில் வெளியிடும்போது, எந்தச் சமூகத்திலிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெறப்பட்டது என்பதைத் தக்கவாறு குறிப்பிட வேண்டும் என்பது அதன் விதி. உம்மம்மா சட்டம் படித்தவரல்லர். ஆயினும் 'ஊர்ப் பேரைப் போடு' என்று அவர் சொன்னதும் சட்டம் சொல்வதும் ஒன்றே. இருபது வருடங்களுக்கு மேலாக இந்தப் பிரிவு புத்தகத்தில் உறங்குகிறது. அதைத் தட்டி எழுப்ப மாவடிப்பள்ளியிலிருந்து ஒரு பாய்க்காரி கொழும்பு நீதிமன்றத்துக்குப் போகவேண்டுமென்றால், பஸ் செலவுக்கே எத்தனை பாய் இழைக்கவேண்டும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கேட்டால் கிடைப்பதுண்டு என்பதற்கும் உதாரணம் உண்டு. 2025 ஜூன் மாதத்தில் இத்தாலியின் பிராடா நிறுவனம் மிலான் நகரில் நடத்திய ஆடைக் காட்சியில், மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர்ச் செருப்பை அச்சாக ஒத்த செருப்புகள் மேடையேறின. வெறும் 'தோல் செருப்பு' என்றுதான் அவை அறிமுகமாயின. கோலாப்பூர்ச் செருப்புக்கு 2019இலேயே இந்தியாவில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டிருந்தது. செருப்புத் தைப்போரும் வணிகரும் கிளர்ந்தெழுந்த பிறகு, அந்த வடிவம் இந்தியக் கைவினையால் தூண்டப்பட்டதே என்று அந்நிறுவனம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. பெரிய முதலாளிக்கும் நாக்கு இருக்கிறது, உலுக்கினால் பேசுகிறது. கடலுக்கு அப்பால், திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையில், நம்மைப் போன்ற முஸ்லிம் குடும்பத்துப் பெண்களே கோரைப்பாய் நெய்கிறார்கள். அந்தப் பாய்க்கும் புவிசார் குறியீடு உண்டு. குறியீட்டால் அவர்கள் வயிறு நிறைந்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாயை எவர் எந்த நகரத்தில் விரித்தாலும் 'பத்தமடை' என்று சொல்லாமல் விற்க முடியாது, சொன்னால்தான் விலை.

வடிவமைப்பாளர் எல்லாரும் கண்மூடிகள் என்றும் நாம் சொல்லமாட்டோம். ஜேர்மனியின் பௌஹவுஸ் கலாசாலையைப் பற்றி எமக்கு வந்த தொகுப்புகளில் பலமுறை படங்கள் வந்தன. பெரும்பாலும் ஆண்கள் செய்த நாற்காலிகள். அந்தக் கலாசாலையில் சேர்ந்த பெண்களிற் பெரும்பாலோரை நெசவுப் பட்டறைக்கே தள்ளிவிட்டார்கள் என்ற செய்தி எந்தப் படத்தின் கீழும் இல்லை. அப்படித் தள்ளப்பட்டவர்களில் ஒருவர் அனி அல்பர்ஸ். நாசிகள் கலாசாலையை மூடச் செய்த 1933ஆம் ஆண்டில் அவர் அமெரிக்காவுக்குப் போனார். பிற்காலத்தில் உலகம் அறிந்த நெசவுக் கலைஞரானார். 1965இல் நெசவைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலைப் பண்டைய பெரு நாட்டு நெசவாளர்களுக்கு, அவர்களைத் தம் ஆசான்களாக மதித்து, காணிக்கையாக்கினார். அவர்களுடைய தனிப்பெயர்களை இனி எவரும் அறிய இயலாது. ஆயினும் நாட்டைச் சொன்னார், தொழிலைச் சொன்னார், தம்முடைய கடனைச் சொன்னார். இறந்து பல நூற்றாண்டு கடந்தவர்களுக்கு ஒரு பெண் காட்டிய மரியாதையை, உயிரோடு அடுத்த மாவட்டத்தில் இருப்பவளுக்குக் காட்ட எம்மவருக்கு முடியவில்லை.

எமக்கு இதைச் சொல்லும் தகுதி முழுவதும் உண்டா என்றால், இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலை ஆண்டு மலருக்கு அட்டை வேண்டியிருந்தது. மருதமுனைச் சேலை ஒன்றின் கரையை அப்படியே பெயர்த்து அச்சிட்டோம். 'அட்டை ஓவியம்' என்ற இடத்தில் பெயர்த்த மாணவனின் பெயரைப் போட்டோம். நெய்தவரைக் கேட்க எமக்கும் தோன்றவில்லை. இத்தனைக்கும் மருதமுனை இங்கிருந்து வெகு தூரமில்லை. 1977க்குப் பின் இறக்குமதித் துணி வெள்ளம்போல் வந்தபோது தள்ளாடி, 2004 திசம்பர் 26இல் கடல் பொங்கி வந்தபோது உயிர்களையும் தறிகளையும் பறிகொடுத்து, மறுபடியும் பாவு விரித்து உட்கார்ந்த ஊர் அது. அந்த ஊரின் சேலைக் கரைதான் எமக்கு 'அலங்காரம்' ஆயிற்று. அந்த மலரை இப்போது எடுத்துப் பார்க்கக் கூசுகிறது.

ஆயினும் எம்மை எழுதத் தூண்டியது அந்தக் கூச்சமன்று, அந்த மாணவி. அவள் வடிவமைப்புக் கல்விக்கு விண்ணப்பிக்க விரும்புகிறாள். அதற்காகப் பன்னிரண்டு சித்திரங்கள் வரைந்து வைத்திருந்தாள். சுவிற்சர்லாந்துச் சுவரொட்டியைப்போல ஆறு, யப்பானியப் பொதியைப்போல நான்கு, ஆங்கில எழுத்துகள் இரண்டு. எல்லாம் எமது வகுப்புச் சுவரிலிருந்து போனவை. ஆகவே அந்தக் குற்றத்திலும் எமக்குப் பங்குண்டு. வீட்டில் விரித்திருந்த பாயை ஒன்றிலாவது வரையவில்லையே என்று கேட்டோம். வீட்டுக்குத் தோழிகள் வந்தால் பன் பாயைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, கடையில் வாங்கிய பிளாஸ்ரிக் பாயை விரிப்பது தன் வழக்கம் என்றாள். கொழும்பு நிலையத்தின் படத்தில் பார்த்த பிறகுதான் அது அழகு என்று அவளுக்குத் தோன்றிற்றாம். இதைக் கேட்டபோது எமக்கு மகிழ்ச்சி வரவில்லை. தன் வீட்டுப் பொருள் அழகு என்பதற்கு இன்னொருவர் சான்றிதழ் வேண்டியிருக்கிறது; அந்தச் சான்றிதழிலும் அவளுடைய உம்மம்மாவின் ஊர் இல்லை. நாளைக்கு அந்தப் பெண் அதே நிலையத்தில் வேலைக்குச் சேரக்கூடும். பாயின் படத்தை மேசையில் வைத்து, அதன் கீழ் அவளே 'பெயரறியாக் கைவினை' என்று எழுதக்கூடும். அந்த நாள் வரக்கூடாது என்பதே எம் கவலை.

நிலையத்துக்கு எழுதினோம். எம் பழைய மாணவருக்கு அதனால் தொல்லை வருமே என்று தயங்கினோம். எழுதச் சொன்னவரும் அவரே. மிகப் பண்பான விடை வந்தது. தாங்கள் பாயைப் பிரதி செய்யவில்லை, அதனால் தூண்டப்பட்டதாக மட்டுமே சொன்னோம் என்றும், மரபுக் கோலங்கள் ஒருவருக்கும் சொந்தமல்ல என்றும், எமது ஆர்வத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டு மாதங்களின் பின் அதே சாய்சதுரக் கோலம் ஒரு விடுதியின் உணவுப் பட்டியலின் அட்டையில் அச்சாகி வந்ததை எம் மாணவி கண்டுபிடித்தாள். அட்டையின் மூலையில் நிலையத்தின் முத்திரை இருந்தது.

ஆகவே மறுபடியும் எழுதியிருக்கிறோம். பாய் வந்த ஊரின் பெயரை அடுத்த வெள்ளிக்கிழமைத் தொகுப்பில் அச்சிடவேண்டும். விடுதியிடமிருந்து அந்த அட்டைக்காகப் பெற்ற கூலியில் ஒரு பங்கை இவ்வூர்ப் பாய் இழைக்கும் பெண்களுக்கு அனுப்பவேண்டும். பங்கு எவ்வளவு என்பதைப் பேச அவர்கள் இங்கே வரட்டும். உம்மம்மாவின் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துவைக்கிறோம். இதற்கிடையே வகுப்புச் சுவரிலே வெள்ளிக்கிழமைத் தொகுப்பின் பக்கத்தில் இன்னொரு தாளும் தொங்குகிறது. வாரம் ஒரு பிள்ளை ஒரு பொருளைக் கொண்டுவந்து வைக்கவேண்டும். செய்தவர், ஊர், எடுத்த நாட்கள், பெற்ற தொகை ஆகியவற்றை விசாரித்து எழுதவேண்டும். பிற பாடசாலைகளின் ஆசிரிய நண்பர்களும் மாணவரும் தங்கள் ஊரில் இதைத் தொடங்கினால் அவற்றின் பிரதிகளை எமக்கு அனுப்பும்படி வேண்டுகிறோம். நிலையத்தாரின் விடை வந்தால், அதையும் இந்தப் பக்கங்களிலேயே வெளியிடும்படி ஆசிரியரைக் கேட்டுக்கொள்வோம்.